அக்காவுக்கும் ஒரு பங்கு

ஆடிக் கிருத்திகை நெருங்கிவிட்டது. முருகன் குடிகொண்ட குன்றுகளை நோக்கிக் காவடிகள் புறப்படும் நாள். எங்கள் பக்கத்து மக்கள் விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் மயிலம் மலைக்குச் செல்வார்கள். முருகனை வணங்கும் அந்த நாளில், அவனுக்குப் பாலூட்டிய கார்த்திகைப் பெண்கள் அறுவரையும் நாம் நினைத்துக்கொள்கிறோம்.

சரவணப் பொய்கையில் ஆறு தாமரைகள், ஆறு குழந்தைகள். ஆறும் ஒரே நேரத்தில் பசித்து அழுதால் ஒருத்தி என்ன செய்வாள்? ஆளுக்கொரு குழந்தையாக ஆறு பெண்கள் எடுத்துப் பாலூட்டினார்கள். பின்னர் உமையம்மை வந்து ஆறு குழந்தைகளையும் ஒருசேர அணைத்தாள். ஆறுமுகன் ஆனான் கந்தன். பாலூட்டியவர்களோ வானில் நட்சத்திரங்களாக நிலைபெற்றார்கள். உலகத்துக்கே அன்னையானவளின் பிள்ளைக்கும் ஆறு வளர்ப்புத் தாயார் தேவைப்பட்டார்கள் என்பதை இவ்வாண்டு நான் புதிதாகப் புரிந்துகொண்டேன். காரணம், எங்கள் வீட்டில் இப்போது ஏழு மாதத்து இரட்டைக் குழந்தைகள் இருக்கிறார்கள். இருவரும் பேரன்கள். அவர்களுக்கு மூத்தவளாக நான்கு வயதில் ஒரு பேத்தி.

இரட்டைக் குழந்தைகள் இன்று முன்போல் அரிய செய்தி அல்ல. உலகில் பிறக்கும் 42 குழந்தைகளில் ஒன்று இரட்டையரில் ஒன்று என்று 2021ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. கேரளத்தில் மலப்புறம் மாவட்டத்துக் கொடின்ஹி என்னும் சிற்றூர், நூற்றுக்கணக்கான இரட்டையர் வாழும் ஊர் என்றே பெயர் பெற்றுவிட்டது. எனவே இதைப் படிக்கும் வாசகர்களில் பலர் தங்கள் வீட்டிலோ உறவிலோ இரட்டையரைக் கண்டிருப்பீர்கள். இந்த வாரம் நான் எழுத நினைப்பது அவர்களுக்கு முன்னே பிறந்துவிட்ட அந்த மூத்த குழந்தையைப் பற்றி.

இரட்டையர் பிறந்த வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் நேரே தொட்டிலுக்குத்தான் போகிறார்கள். கையில் ஒரே மாதிரியான இரண்டு சட்டைகள், இரண்டு கிலுகிலுப்பைகள். ‘எது பெரியது, எது சின்னது? யார் ஜாடை?’ என்று பேச்சு நடக்கும். கதவோரம் நிற்கும் மூத்தவளைப் பிறகுதான் யாராவது பார்ப்பார்கள். பார்த்ததும் வேடிக்கையாக ஒரு வார்த்தை: ‘இனிமேல் உன்னை யார் கவனிப்பார்கள்? உன்னைத் தவிட்டுக்கு வாங்கியதுதானே!’ நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கேலி இது. பெரியவர்கள் சிரிப்பார்கள். நான்கு வயதுக் குழந்தைக்கு அது கேலி என்று தெரியாது. தவிடு என்றால் என்னவென்று எங்கள் பேத்தி அன்றிரவு தன் பாட்டியிடம் கேட்டாள்.

அதன் பிறகு சில மாற்றங்கள் தெரிந்தன. தானே எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் ஊட்டிவிடச் சொன்னாள். படுக்கையை நனைக்கும் பழக்கம் நின்று ஓராண்டு ஆகியிருந்தது. அது திரும்பி வந்தது. ஒரு நாள் பிற்பகல் காலியாக இருந்த தூளியில் ஏறிப் படுத்துக்கொண்டு, ஆட்டிவிடும்படி கேட்டாள். குழந்தை மருத்துவர் இதைக் கேட்டுப் புன்னகை செய்தார். தம்பி தங்கை பிறந்தவுடன் மூத்த குழந்தைகள் இப்படிக் கொஞ்ச காலம் சிறு குழந்தையாகிவிடுவது இயல்பு, திட்டக்கூடாது, அதுவே சரியாகும் என்றார். அவள் தூளியில் படுத்த நாளில் என் மனைவி பத்து நிமிடம் ஆட்டிவிட்டாள். பதினோராம் நிமிடம் அவளே இறங்கி விளையாடப் போய்விட்டாள்.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று, குழந்தைகளுக்கு நாற்பதாம் நாள் கழிந்ததும் எங்கள் முன் வந்தது. மருமகளின் பிறந்த வீடு திண்டிவனம். எங்கள் வீட்டிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள்தான். சம்பந்தி அம்மாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தபோது சொன்னார்: ‘பெரியவளை ஒரு வருஷம் நான் அழைத்துப் போகிறேன். அங்கேயே எல்.கே.ஜி. சேர்த்துவிடலாம். இவளுக்கு இரண்டு கைதானே இருக்கிறது? இரண்டிலும் குழந்தை இருக்கிறதே.’

அன்பினால் பிறந்த யோசனை அது. நியாயமும் இருந்தது. குறைமாதத்தில் பிறந்த இரட்டையர். இளையவன் இரண்டு கிலோவுக்கும் குறைவு. இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒருவன் பால் குடித்து உறங்கும்போது மற்றவன் விழிப்பான். என் மகன் புதுச்சேரியில் வேலை பார்க்கிறான். காலை ஏழரைக்குப் பேருந்து ஏறினால் இரவு எட்டுக்குத்தான் வீடு. நம் குடும்பங்களில் இதுபோன்ற வேளைகளில் மூத்த குழந்தை பாட்டி வீட்டில் வளர்வது புதிதன்று. வாசகர்களில் சிலரே அப்படி வளர்ந்தவர்களாக இருக்கலாம்.

முடிவைச் சொன்னவள் மருமகள். ‘அம்மா, இரண்டு பேருக்கும் பால் கொடுக்க என்னால் முடியும். இரவில் தூக்கமில்லாமல் இருக்கவும் முடியும். அவளை அனுப்பிவிட்டு இந்த வீட்டில் இருக்க என்னால் முடியாது. தம்பிகள் வந்ததால் என்னை அனுப்பிவிட்டார்கள் என்று அவள் நினைத்துக்கொள்வாள். அதை எப்படி நான் பிறகு மாற்றுவேன்?’

சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு சம்பந்தி அம்மாள்தான் சொன்னார்: ‘அப்படியானால் அவள் வர வேண்டாம். நான் வருகிறேன்.’

அன்றிலிருந்து இந்த ஏற்பாடு. திங்கட்கிழமை காலை அவர் திண்டிவனத்திலிருந்து வருவார். வெள்ளி மாலை திரும்புவார். சனி, ஞாயிறு என் மகன் வீட்டில் இருப்பான். இதற்கு விலை கொடுத்தவர் சம்பந்தி. சர்க்கரை நோய் உள்ளவர். திருமணமான நாளிலிருந்து அடுப்பைத் தொட்டறியாதவர். இன்று அவரே கஞ்சி வைக்கிறார், ரசம் வைக்கிறார். காலையில் திந்திரிணீசுவரர் கோயிலுக்குப் போய்விட்டு வந்து தொலைபேசியில் உப்பின் அளவு கேட்கிறார். திந்திரிணி என்றால் புளியமரம். புளியங்காடாக இருந்ததால்தான் அந்த ஊர் திண்டிவனம் ஆயிற்று. ‘புளியின் பெயரால் அமைந்த ஊரில் இருந்துகொண்டு ரசத்துக்கு எவ்வளவு புளி என்று என்னிடம் கேட்கலாமா?’ என்று சம்பந்தி அம்மாள் சிரித்துக்கொண்டே கேட்பார். ஆயினும் தொலைபேசியை வைத்த பின் அவர் சிறிது நேரம் மௌனமாக இருப்பதை நான் கவனித்திருக்கிறேன். அறுபது வயதுக்கு மேல் ஒரு தம்பதி வாரத்தில் ஐந்து நாள் பிரிந்திருப்பது சிறிய காரியம் அல்ல.

இந்த இடத்தில் இராமாயணம் எனக்குத் துணை வருகிறது. தசரதன் பெற்ற பாயசத்தில் சுமித்திரைக்கு இரண்டு முறை பங்கு கிடைத்தது என்கிறார் வால்மீகி. எனவே அவளுக்கு இரட்டையர் பிறந்தனர்: இலக்குவனும் சத்துருக்கனனும். ஆனால் அந்த இரட்டையர் ஒருவரோடொருவர் ஒட்டிக்கொண்டு வளரவில்லை. இலக்குவன் இராமனின் நிழலானான். சத்துருக்கனன் பரதனை விட்டு அகலாதவன் ஆனான். இராமன் அருகில் இல்லாமல் இலக்குவனுக்கு உறக்கம் வராது, இனிய உணவு எதிரில் வந்தாலும் உண்ணமாட்டான் என்று பாலகாண்டமே கூறுகிறது. உபந்நியாசகர்கள் இதற்கு ஒரு கதையும் சொல்வார்கள். தொட்டிலில் கிடந்த இலக்குவன் ஓயாமல் அழுதானாம். வசிட்டரின் சொற்படி இராமன் படுத்திருந்த தொட்டிலில் அவனைக் கிடத்தியதும் அழுகை நின்றதாம்.

இரட்டையருக்கு ஒரு மூத்த உடன்பிறப்பு எவ்வளவு பெரிய செல்வம் என்பதை இதைவிட எவ்வாறு சொல்வது? பிற்காலத்தில் அந்த இருவருக்கும் வழிகாட்டப் போகும் குழந்தையை, ‘இப்போது கை போதவில்லை’ என்று ஒதுக்கிவைத்தால் இழப்பு மூவருக்கும்தான்.

இதே காவியத்தின் உத்தரகாண்டத்தில் இன்னோர் இரட்டைப் பிரசவமும் வருகிறது. சீதை வால்மீகியின் ஆசிரமத்தில் இரு மகன்களைப் பெற்றாள். கணவன் அருகில் இல்லை. தாய் வீடும் இல்லை. முனிவர் மந்திரித்துக் கொடுத்த தருப்பையால் ஆசிரமத்து மூதாட்டிகள் அந்தச் சிசுக்களைத் துடைத்துக் காத்தார்கள். குசத்தால் துடைக்கப்பட்டவன் குசன். அதன் அடிப்பகுதியான லவத்தால் துடைக்கப்பட்டவன் லவன். அவர்களைக் காத்த மூதாட்டிகளின் கைவேலையே அவர்களுக்குப் பெயராயிற்று. அதே இரவில், போருக்குச் செல்லும் வழியில் அந்த ஆசிரமத்தில் தங்கியிருந்தவன் யார் தெரியுமா? தானும் ஓர் இரட்டையனான சத்துருக்கனன். கானகத்திலும் ஒரு தாய் தனியே விடப்படவில்லை.

இனி எங்கள் வீட்டு நடைமுறை. முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியில் இருந்தவன் ஆதலால் எனக்குக் கணக்கு எழுதாமல் இருக்க முடியாது. இரட்டையர் வந்த வாரமே ஒரு நீளக் குறிப்பேட்டில் கோடு போட்டேன். மூத்தவனுக்கு ஒரு பத்தி, இளையவனுக்கு ஒரு பத்தி. எத்தனை மணிக்குப் பால், எப்போது சொட்டு மருந்து, எப்போது ஈரத்துணி மாற்றியது என்று எழுதுவோம். இது விளையாட்டல்ல. தூக்கக் கலக்கத்தில் ஒரே குழந்தைக்கு இரண்டு முறை மருந்து கொடுத்து மற்றவனுக்குக் கொடுக்காமல் விடுவது இரட்டையர் உள்ள வீட்டில் எளிதில் நேரக்கூடியது. ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரத் தடுப்பூசிகளும் அதில்தான் குறிக்கப்பட்டன. என் மகன் அதற்கு ‘இரட்டைப் பதிவுக் கணக்கு’ என்று பெயர் வைத்தான்.

ஒரு மாலை பேத்தி என் மடியில் ஏறி அதைப் பார்த்தாள். ‘இது யாருடையது?’ ‘பெரிய தம்பி.’ ‘இது?’ ‘சின்னத் தம்பி.’ விரலை அடுத்த வெற்றிடத்தில் வைத்தாள். ‘நான் எங்கே, தாத்தா? எனக்கு மட்டும் ஏன் ஜோடி இல்லை?’

அந்த இடத்திலேயே மூன்றாவது கோடு போட்டேன். அவள் பெயரை அவளே எழுதினாள். எழுத்துகள் திரும்பி நின்றன. அன்று முதல் அந்தப் பத்தியிலும் தினமும் ஏதாவது பதிவாக வேண்டும் என்பது விதி. பாலும் மருந்தும் அவளுக்கு எழுத வேண்டியதில்லை. ‘அம்மா தலைவாரிப் பின்னினாள்’, ‘அப்பா கதை சொன்னார்’, ‘விழுப்புரம் பாட்டியோடு கடைக்குப் போனாள்’ என்று எழுதுகிறோம். நாளுக்கு ஒருமுறை, மாலை ஏழு மணிக்கு, அவள் தாய் அவளுக்கு மட்டும் உரியவள். இரு பாட்டிகளும் ஆளுக்கொரு குழந்தையை வாங்கிக்கொள்வார்கள். யார் அழுதாலும் அந்தப் பதினைந்து நிமிடம் மருமகள் எழுந்து வரமாட்டாள். பதினைந்து நிமிடம் போதுமா என்று கேட்பீர்கள். மாதந்தோறும் சிறு தொகை கட்டும் தொடர் வைப்புக் கணக்குகளை நான் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். தொகை சிறிதாயினும் தவணை தவறாதவர்களே முதிர்வு நாளில் மகிழ்ந்தார்கள்.

எங்களுக்குப் பயன்பட்ட மேலும் சிலவற்றைச் சொல்கிறேன்.

மூத்த குழந்தையிடம் வேலை கேட்கலாம், பொறுப்பை ஏற்றக்கூடாது. துண்டு எடுத்து வருவாள், தூளிக் கயிற்றை லேசாக ஆட்டுவாள், தம்பிக்குப் பாட்டுப் பாடுவாள். இவை அவளுக்குப் பெருமை. ஆனால் ‘நீ பார்த்துக்கொள்’ என்று கைக்குழந்தையை அவளிடம் விட்டுவிட்டு அடுப்படிக்குப் போவது ஒரு கணமும் கூடாது. ‘நீ அக்கா, நீதான் விட்டுக்கொடுக்க வேண்டும்’ என்ற சொல்லையும் அளவோடு பயன்படுத்த வேண்டும். நான்கு வயதும் குழந்தைப் பருவம்தான்.

ஆண்கள் பார்வையாளர்களாக நிற்கக்கூடாது. எடை குறைந்த குழந்தையைப் பெற்றோரின் மார்போடு தோலோடு தோலாக அணைத்து வைக்கும் முறை 1978ஆம் ஆண்டு கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகர மருத்துவமனையில் தொடங்கியது. இன்று நம் அரசு மருத்துவமனைகளிலும் ‘கங்காரு பராமரிப்பு’ என்று கற்றுத்தருகிறார்கள். தாய் ஒரு குழந்தையை அணைத்திருக்க, தந்தை மற்றொன்றை அணைத்திருக்கலாம். என் மகன் அப்படி இளையவனை இரவுகளில் மார்பில் சுமந்தான். அவள் அருகில் சென்று, தானும் அப்பாவின் தோளில் தலை வைத்துக்கொள்வாள். 

பாட்டிமார் கைப்பக்குவம் மதிக்கத்தக்கது. ஆனால் ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் தவிரச் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தரவேண்டாம், மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடவேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வதை நம் வீட்டுப் பெரியவர்கள் ஏற்க வேண்டும். காலை நீட்டி அதில் குழந்தையைக் கிடத்தி இதமான நீர் வார்க்கும் கலை அவர்களுடையது. அதை யாரும் தடுக்கவில்லை.

தாயின் மனத்தையும் கவனிக்க வேண்டும். காரணமின்றி அழுகிறாள், குழந்தைகளைப் பார்க்கவே விருப்பமில்லை என்கிறாள், தூங்க நேரம் கிடைத்தும் தூங்க இயலவில்லை என்றால், அதைத் திருஷ்டி என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். திருஷ்டியும் கழியுங்கள், அதற்குத் தடையில்லை. தமிழ்நாட்டு அரசுப் பணியில் உள்ள பெண்களுக்கு 2021 முதல் பேறுகால விடுப்பு 12 மாதங்கள். ஆசிரியையான என் மருமகளுக்கு அது பெரும் உதவி. அந்த வாய்ப்பு இல்லாத பெண்களுக்கு வீட்டார்தான் விடுப்பு தர வேண்டும்.

விழுப்புரத்துக்கு அருகில் திருவாமாத்தூரில் அபிராமேசுவரர் கிழக்கு நோக்கி எழுந்தருளியிருக்கிறார். முத்தாம்பிகை தனிக்கோயிலில் மேற்கு நோக்கி நிற்கிறாள். தெருவுக்கு இருபுறமும் எதிரெதிராக ஒருவரையொருவர் பார்த்தபடி இருப்பது அத்தலத்தின் சிறப்பு. இரட்டையரைப் பெற்ற இளம் தம்பதியர் ஒருவர் முகத்தை ஒருவர் நிமிர்ந்து பார்க்கவும் நேரமின்றி நாட்களைக் கழிக்கிறார்கள். ஒரு மாலை மூன்று குழந்தைகளையும் நாங்கள் வைத்துக்கொண்டு, அவர்கள் இருவரை மட்டும் அத்தலத்துக்கு அனுப்பிவைத்தோம். ஒன்றரை மணி நேரத்தில் திரும்பிவிட்டார்கள். முகத்தில் தெளிவு இருந்தது.

ஆறாம் மாதம் நிறைந்ததும் மயிலத்துக்குப் போனோம். கிருத்திகை நாளின் நெரிசலில் கைக்குழந்தைகளைக் கொண்டுசெல்ல வேண்டாம் என்று, கூட்டமில்லாத ஒரு காலை வேளையைத் தேர்ந்தெடுத்தோம். மயிலாகித் தன்னைத் தாங்க விரும்பித் தவமிருந்த சூரபத்மனுக்கு முருகன் அருள் செய்த மலை என்பது தலபுராணம். பகையாக நின்றவனையும் விலக்கி அனுப்பாமல் தன்னோடே வைத்துக்கொண்டவன் அவன். சன்னதியில் அர்ச்சகர் இரட்டையரைப் பார்த்து மகிழ்ந்து, ‘பெயர், நட்சத்திரம் சொல்லுங்கள்’ என்றார். நாங்கள் வாய் திறக்குமுன் பேத்தி தன் பெயரையும் நட்சத்திரத்தையும் உரக்கச் சொன்னாள். தொடர்ந்து தம்பிகளின் பெயர்களையும் அவளே சொன்னாள். நட்சத்திரம் மட்டும் தெரியவில்லை; பாட்டியின் முகத்தைப் பார்த்தாள். அர்ச்சகர் அவள் பெயரிலிருந்தே அர்ச்சனையைத் தொடங்கினார். சம்பந்தியும் திண்டிவனத்திலிருந்து வந்து சேர்ந்துகொண்டார். தாமே செய்த புளியோதரையைக் கொண்டுவந்திருந்தார். உப்பு சரியாக இருந்தது.

பழனிக் கதையை நாம் அனைவரும் அறிவோம். பழம் கிடைக்காத பிள்ளை கோபித்துக்கொண்டு மலையேறினான். ‘தானே வருவான்’ என்று அம்மையப்பர் கயிலையில் அமர்ந்திருக்கவில்லை. அவன் இருந்த இடத்துக்கே போய்ச் சமாதானம் செய்தார்கள். பங்கு கிடைக்கவில்லை என்று ஒரு குழந்தைக்குத் தோன்றினால் பெற்றவர்கள் அதனிடம் போக வேண்டும் என்பதே நான் அதில் காணும் பொருள்.

உங்கள் உறவில் இரட்டையர் பிறந்திருந்தால், பார்க்கப் போகும்போது இரண்டு சட்டைகளோடு மூன்றாவதாக ஒரு வண்ணப் பென்சில் பெட்டியோ ஒரு படப் புத்தகமோ வாங்கிச் செல்லுங்கள். வாசலில் நுழைந்ததும் முதலில் மூத்த குழந்தையின் பெயரைச் சொல்லி அழையுங்கள். ‘உன் தம்பிகளை எனக்குக் காட்டுவாயா?’ என்று அவளிடம் அனுமதி கேட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு தொட்டிலருகே போங்கள். வரும் ஆடிக் கிருத்திகை அன்று, பிள்ளைகளை வளர்க்க உதவும் பாட்டிமார், அத்தைமார், சித்திமார் எல்லாரையும் நினைத்து ஒரு நெய்விளக்கு ஏற்றுவோம். ஆறுமுகன் எல்லாக் குழந்தைகளையும் காப்பானாக.